குடமும் கிதாரும்

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற வழியில் சிற்பப் பட்டறைகள் இருக்கின்றன. பகல் முழுவதும் உளிச் சத்தம்தான். பாதிப் பட்டறைகளில் மின்சார யந்திரம் புகுந்துவிட்டது. மீதிப் பாதியில் இன்னும் தாளம் கேட்கிறது. அப்படி ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்து, கைபேசியில் 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வாசல்படி நந்தியைச் செதுக்கிக்கொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்தினார்.

"கடம் வாசிக்கிறது நம்ம ஆளா, ஸார்?"

"ஆமாம்."

"பிடில்?"

"அவரும் நம்ம ஆள்தான்."

"நடுவுல ஒண்ணு துருதுருன்னு ஓடுதே, அது யாரு?"

"அவர் வெள்ளைக்காரர்" என்றேன்.

"அதான்" என்று சொல்லிவிட்டு உளியை எடுத்துக்கொண்டார்.

அந்த 'அதான்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று செங்கல்பட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். அதை ஒரு விமரிசனம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த வெள்ளைக்காரர் ஜான் மக்லாக்லின். 1942ல் இங்கிலாந்தில் யார்க்ஷயரில் பிறந்தவர். அமெரிக்கா போய் மைல்ஸ் டேவிஸிடம் வாசித்தார். ஜாஸ் சங்கீதத்தில் மின்சார வாத்தியங்களையும் நாட்டியத் தாளங்களையும் கலந்து டேவிஸ் 1969ல் பதிவு செய்த தட்டுகளில் இவருடைய கிதார் இருக்கிறது. பிறகு 1971ல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்று சொந்தமாக ஒரு குழு. மகாவிஷ்ணு என்பது ஸ்ரீ சின்மய் அவருக்கு வைத்த பெயர். காது கிழிகிற சத்தம், அசாத்திய வேகம், பெரிய கூட்டம், நல்ல பணம். இத்தனையும் இருக்கும்போது அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொள்ளப் போனார். இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நம் சங்கீதத்தில் மேலெழுந்தவாரியாக இரண்டு பிடி அள்ளிக்கொண்டு போனவர்கள் அநேகம். இவர் பாடம் கேட்டார்.

பாடத்தின் பலன் வாத்தியத்தில் தெரிந்தது. கிதாரில் கமகம் பேசாது. மெட்டுக்கு மெட்டு தாவத்தான் முடியும். 'சக்தி'க்காக ஒரு தனிக் கிதாரே செய்துகொண்டார். தந்தியை அழுத்தி இழுக்க இடம் கிடைக்கும்படி மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குழியாகக் குடைந்திருந்தது. குறுக்கே ஏழு அனுதாபத் தந்திகள். மின்சாரத்தை விட்டுவிட்டு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். 1975 ஜூலை 5ந் தேதி, அமெரிக்காவில் லாங் ஐலண்டிலுள்ள ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரிதான் முதல் தட்டு. அதன் இரண்டாவது பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, கிட்டத்தட்ட 29 நிமிஷம். உடன் வாசித்தவர்கள்: வயலின் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர், வி. லக்ஷ்மிநாராயணாவின் பிள்ளை, தபலா ஜாகிர் ஹுசேன், கடம் டி. எச். விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன்.

அடுத்த தட்டிலிருந்து மிருதங்கம் இல்லை. இது சின்ன விஷயம்போல் இருக்கும். சபாக் கச்சேரி கேட்டவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. நம் மேடையில் கடம் உபபக்கவாத்தியம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக்கொடுத்தால் அதற்குப் பங்கு. நேரமாகிவிட்டால் அதுவும் சுருங்கிவிடும். விநாயக்ராம் எம். எஸ். சுப்புலக்ஷ்மிக்கு வாசித்தவர், அவருக்கு மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனாலும் இடம் இடம்தான். 'சக்தி'யில் அந்த மண் குடம் தபலாவுக்குச் சரியாசனத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டது, பதில் சொன்னது, சில சமயம் பதில் சொல்ல மறுத்தது. 1992ல் 'பிளானட் டிரம்' தட்டுக்காக அவருக்கு கிராமி பரிசில் பங்கு கிடைத்ததற்கும், 2014ல் பத்மபூஷண் வந்ததற்கும் இதுதான் வழி போட்டது என்பது என் அபிப்பிராயம். ஒரு வெள்ளைக்காரர் வந்துதான் குடத்துக்கு நடு இடம் கொடுக்க வேண்டியிருந்ததா என்று கேட்டால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

சங்கடம் முழுவதும் நியாயமல்ல. பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த காஞ்சிபுரத்தில் நாயனாப் பிள்ளை (1889-1934) என்று ஒருவர் இருந்தார். அவர் கச்சேரி என்றால் 'புல் பெஞ்சு' என்பார்கள். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லய வாத்தியக்காரர்கள் மேடை நிறைய உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேருடைய கணக்கையும் சமாளித்துக்கொண்டு அவர் பல்லவி பாடுவார். எனவே 'சக்தி'யின் லய விளையாட்டைக் கேட்டு மேல்நாட்டார் மூர்ச்சை போட்டது போல் நாம் போட வேண்டியதில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. நாயனாப் பிள்ளையின் கணக்குக்கு நடுவில் ஒரு சாகித்யம் நின்றது. 'சக்தி'யின் கணக்குக்கு நடுவில் பெரும்பாலும் இன்னொரு கணக்குத்தான் நிற்கிறது. பெரியவர் 'அதான்' என்றது இதைத்தானோ என்னவோ.

மூன்று தட்டுகளில் எனக்கு இரண்டாவதுதான் உசத்தி. 1976ல் லண்டனில் பதிவானது. கொன்னக்கோலுடன் ஆரம்பிக்கிறது. வில் இழுக்கிற வயலினுக்கும் மீட்டுகிற கிதாருக்கும் உள்ள பேதம் அதில் முழுசாகப் பயன்படுகிறது. ஒன்று நீட்டுகிற இடத்தை மற்றது துண்டு துண்டாக்குகிறது. 1977ல் வந்த மூன்றாவதில் உருப்படிகள் குறுகிவிட்டன. வானொலிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. 1978ல் குழு கலைந்தது. மின்சாரக் கிதாரை எதிர்பார்த்த ரசிகர்கள் தட்டை அள்ளி வாங்கவில்லை. நம் ஊர் வித்வத் சபைகளோ அப்போது இதைச் சங்கீதம் என்று கணக்கிலேயே எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஐந்து ரதங்களிலும் ஒன்றுகூட முடியவில்லை, ஒன்றிலும் பூஜை நடக்கவில்லை. பின்னால் எழுந்த கோயில்களுக்கு அங்கேதான் ஜாடை இருக்கிறது. இந்த மூன்று தட்டுகளையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன்.

1997ல் மறுபடியும் கூடினார்கள். 'ரிமெம்பர் சக்தி' என்று பெயர். கொஞ்ச காலம் கழித்து வயலினுக்குப் பதில் யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின், கடத்துக்குப் பதில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் என்று ஆயிற்று. ஸ்ரீநிவாஸ் மேதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மாண்டலினும் கிதாரும் ஒரே ஜாதி. இரண்டும் மீட்டு வாத்தியங்கள், இரண்டும் மின்சாரத்தில், இரண்டு பேருக்கும் வேகத்தில் ஆசை. யார் எங்கே விட்டார், யார் எங்கே பிடித்தார் என்பதே சில இடங்களில் புரியாது. கைதட்டல் மட்டும் தெளிவாகக் கேட்கும். அவர் 2014ல், நாற்பத்தைந்து வயதில், சென்னையில் காலமானார்.

2023ல் 'திஸ் மோமென்ட்' வந்தது. 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி. கணேஷ் ராஜகோபாலனின் வயலின் திரும்பவும் அந்தப் பழைய பேதத்தைக் கொண்டுவந்தது. கேட்க ஆறுதலாக இருந்தது. சங்கர் மகாதேவன் பாடுகிறார், நன்றாகவே பாடுகிறார். குரல் வந்ததும் மற்றவர்கள் தாமாகவே ஓர் அடி பின்னால் நகர்ந்து பக்கவாத்தியமாகிவிடுகிறார்கள். ஐம்பது வருஷம் கழித்து சபா மேடையின் பழைய வரிசை வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்துவிட்டது. பரிசு வந்த அதே வருஷம் டிசம்பர் 15ந் தேதி ஜாகிர் ஹுசேன் ஸான் பிரான்ஸிஸ்கோவில் மறைந்தார். மக்லாக்லினைத் தவிர, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை குழுவில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

போன வாரம் மறுபடியும் பட்டறைக்குப் போனேன். நந்தி முடிந்து யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முதல் தட்டில் 'லோட்டஸ் பீட்' என்று ஒன்று இருக்கிறது. நாலைந்து நிமிஷம்தான், அவசரமே இல்லாத உருப்படி. அதைப் போட்டேன். பெரியவர் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் உளி மெதுவாக விழுந்தது.

"இது யாரு, ஸார்?"

"அன்னிக்கு ஓடினாரே, அதே வெள்ளைக்காரர்தான்."

"அவரா? இருக்காது" என்றார்.