அசோகா என்றால் எந்த மரம்?

வழக்குப் பெயர்களால் குழப்பம்தான் மிச்சம், அறிவியல் பெயர்களே போதும் என்பது தாவரவியல் படித்தவர்கள் அடிக்கடி சொல்லும் வாதம். பெங்களூருவில் வைத்துப் பார்த்தால் அதில் பாதிதான் தேறுகிறது.

இங்கே மதிலோரம் நெட்டுக்குத்தாக வளர்ந்து நிற்கும் மரத்தை எல்லோரும் அசோகா என்கிறார்கள். தமிழில் அது நெட்டிலிங்கம். நீண்ட இலை, ஓரமெல்லாம் நெளிவு, வெளிறிய பச்சைப் பூ. உண்மையான அசோகமான சராகா அசோகாவோ செம்பு நிறத் தளிர்கள் துவண்டு தொங்க, ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மரமாக நிற்கும்வரை இரண்டையும் பிரித்தறிவது எளிது. பட்டையை உரித்து, காயவைத்து, மூட்டை கட்டிய பிறகுதான் ஆபத்து. மாதவிடாய்க் கோளாறுகளுக்குப் பெண்கள் குடிக்கும் அசோகாரிஷ்டத்துக்கு வேண்டியது சராகாவின் பட்டை.

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்று 2016-இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, அசோகப் பட்டை என்று விற்ற சந்தை மாதிரிகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் போலி என்று கண்டது. அந்தப் போலிகள் குறைந்தது 7 தாவரக் குடும்பங்களைச் சேர்ந்தவை. பெயர் மயக்கம் மட்டுமே காரணம் என்றால் நெட்டிலிங்கம் ஒன்றுதானே கலந்திருக்க வேண்டும்? ஏழு குடும்பங்கள் எங்கிருந்து வந்தன? மரம் அருகி வருவதையும் வியாபாரத்தின் காசாசையையும் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

சில இடங்களில் வழக்குப் பெயரே துல்லியமானது. கர்நாடகத்தில் பிராமி என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் புழங்குகின்றன; தமிழில் அவை வல்லாரை, நீர்ப்பிரமி என்று தனித்தனியே நிற்கின்றன. அறிவியல் பெயரும் மாறாததல்ல. பாலியால்தியாவாக இருந்த நெட்டிலிங்கம் இப்போது மோனூன். ஆனால் பழைய பெயரைப் பிடித்துப் புதியதற்குப் போக அங்கே பதிவு இருக்கிறது. அந்த வசதி கடைப் பேச்சில் இல்லை.

மீனிலும் இதே கதை. மங்களூர் உணவகங்களின் லேடிஃபிஷ் கன்னடத்தில் காணெ, நமக்குக் கிழங்கான். மீனியல் நூல்களில் அதே ஆங்கிலப் பெயர் எலாப்ஸ் என்ற முள் மிகுந்த வேறொரு மீனுக்கும் உண்டு. முழு மீனைப் பார்த்து வாங்குகிறவருக்கு நட்டமில்லை. தோலுரித்துத் துண்டு போட்டுப் பொட்டலமாக வந்தால் அவர் எதைப் பார்த்துத் தேறுவார்?

ஆகவே வழக்குப் பெயர்கள் இருக்கட்டும். அறுத்ததும் உலர்த்தியதுமான சரக்கில் மட்டும் அறிவியல் பெயர் கட்டாயமாக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் அசோகப் பட்டை கேட்டால், பில்லில் சராகா அசோகா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.