‘மக்கும்’ என்றால் மட்டும் போதுமா?

‘நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்’ என்று ஒரு மாணவர் எழுதினால், இயற்பியல் ஆசிரியர் முழு மதிப்பெண் கொடுக்கமாட்டார். எந்த அழுத்தத்தில் என்று கேட்பார். உதகமண்டலத்தில் நீர் அதற்கு முன்பே கொதித்துவிடும் அல்லவா? நிபந்தனை இல்லாத கூற்று அறிவியலில் அரைக் கூற்றே ஆகும். கடைகளில் தரும் சில பைகளின் மேல் காணும் ‘மக்கும்’ என்ற சொல்லும் அப்படிப்பட்ட அரைக் கூற்றுதான்.

மூன்று வேறு நிகழ்ச்சிகளை இந்த ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம் என்பது முதல் குறை. நல்ல தமிழில் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியும்: சிதைதல், மக்குதல், எருவாதல்.

சிதைதல் என்பது துண்டு துண்டாதல். சாதாரண பாலிதீனுடன் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகங்களின் உப்புகளைச் சிறிதளவு சேர்த்தால், வெயிலிலும் காற்றிலும் அதன் நீண்ட மூலக்கூறுகள் அறுபட்டுப் பை நொறுங்கும். கண்ணுக்குப் பை மறைந்தது போலத் தோன்றும். மண்ணிலோ பிளாஸ்டிக் துகள்களாகக் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் இவ்வகைப் பிளாஸ்டிக்கைச் சந்தையிலிருந்து விலக்கியது.

மக்குதல் என்பது நுண்ணுயிர்கள் ஒரு பொருளைத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுவது. எருவாதல் அதிலும் குறிப்பானது. அதற்கு அளவுகோல் உண்டு. நம் நாடு ஏற்றுள்ள தர விதிப்படி, ஏறத்தாழ 58 டிகிரி வெப்பமுள்ள எருக்குவியலில், 180 நாளுக்குள், பொருளின் கார்பனில் 90 விழுக்காடாவது கரியமில வாயுவாக மாறவேண்டும்.

அந்த 58 டிகிரியைக் கவனியுங்கள். சோளம், கரும்பு ஆகியவற்றின் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் பாலிலாக்டிக் அமிலம் இவ்வகையில் பெயர் பெற்றது. குவளைகளும் கரண்டிகளும் இதில் செய்கிறார்கள். கடலைமிட்டாய்ப் பாகு சூட்டில் இழுபடும். ஆறினால் கண்ணாடி போல் இறுகும். இந்தப் பொருளும் அப்படியே. ஏறத்தாழ 60 டிகிரிக்குக் கீழே இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அசையாமல் உறைந்து நிற்கின்றன. நீர் புகுந்து கண்ணிகளை அறுத்த பின்னரே நுண்ணுயிர்கள் இதைத் தின்ன முடியும். பெரிய எருக்குவியல் தன் சூட்டாலேயே அந்த வெப்பநிலையை எட்டும். நம் வீட்டுக் கொல்லையின் 30 டிகிரி மண்ணில் இவ்வேலை மிகமிக மெதுவாகவே நடக்கும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமோஜென் நாப்பர், ரிச்சர்ட் தாம்ப்சன் இருவரும் பலவகைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடல்நீரில் இட்டும் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். ‘மக்கும்’ என்று விற்ற பை, மூன்று ஆண்டுக்குப் பின்னும் கடைச் சாமான்களைத் தாங்கியது! ‘எருவாகும்’ பை கடலில் மூன்று மாதத்தில் மறைந்தது. மண்ணில் 27 மாதம் கழித்தும், எடை தாங்கும் வலு இழந்த நிலையில், இருந்தது. ஒரே பைக்கு இரண்டு இடங்களில் இரண்டு விடைகள். ஆகவே, மக்குதல் பொருளின் குணம் மட்டுமன்று. பொருளும் இடமும் சேர்ந்த குணம்.

இயற்கை நார் சேர்த்த கலப்புப் பொருள்களைப் புகழ்வோரும் இதை மறந்துவிடுகிறார்கள். சணல் நாரின் அடர்த்தி கண்ணாடி இழையினுடையதைப் போல் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். எனவே மோட்டார் வாகனக் கதவுகளின் உட்பலகைக்கு அது ஏற்றது. எடை குறையும், எரிபொருள் மிஞ்சும். இந்தப் பெருமை உண்மையானது. ஆனால் ‘நார் இயற்கையானது; ஆகவே பலகையும் மக்கும்’ என்பது தவறான முடிவு. நாரைச் சுற்றியிருக்கும் பிசின் எது என்பதே கேள்வி. கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் டிராபண்ட் கார்கள் செய்யப்பட்டன. அவற்றின் மேற்பலகைகள் பருத்திக் கழிவு நாரும் பீனாலிக் பிசினும் சேர்த்து அழுத்தியவை. அவை மக்கவில்லை, உருக்கவும் முடியவில்லை, எரித்தால் நச்சுப்புகை. பழைய கார்களின் பலகைகளை என்ன செய்வது என்பது பெரிய தலைவலி ஆயிற்று.

இந்தச் சொல் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவில் 2022 டிசம்பர் 31 முதல் பிளாஸ்டிக் கைப்பை குறைந்தது 120 மைக்ரான் தடிப்பு இருக்கவேண்டும். எருவாகும் பைக்கு இந்தத் தடிப்பு விதி இல்லை. விலக்கு நியாயமானதே. ஆனால் பையை எருக்கிடங்கிற்குக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு இல்லாத ஊரில், அது சாக்கடையை அடைக்கும் இன்னொரு மெல்லிய பையே. ‘மக்கிவிடுமே’ என்ற நிம்மதியில் நாமும் கூசாமல் வீசிவிடுவோம். சொல் செய்யும் தீங்கு அதுதான்.

ஆதலால், ‘மக்கும்’ என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கே? எந்த வெப்பநிலையில்? எத்தனை நாளில்? மூன்றுக்கும் விடை அச்சிட்ட பையை நம்பலாம். விடை வரும் வரை, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணிப்பையை மடித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.