பேயின் நகக்கீறலை வென்றவர்கள்

பெட்ரோல் என்ஜின் என்றாலே பிஸ்டன்தான். மேலே போகும், நிற்கும், கீழே வரும், மறுபடி நிற்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை இப்படி ஓடி நின்று திரும்புவதால்தான் என்ஜின் அதிர்கிறது. இந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்ற கனெக்டிங் ராடும் கிராங்க் தண்டும் வேண்டும். காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகள் வேண்டும். அவற்றைத் தட்டித் திறக்க கேம் தண்டு வேண்டும். இவ்வளவும் எதற்கு, சுழல்கிற ஒன்றையே எரிபொருள் நேரடியாகச் சுழற்றட்டுமே என்று யோசித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வான்கெல். அந்த யோசனையை என்எஸ்யு என்ற ஜெர்மன் நிறுவனம் 1957இல் ஓட்டிக் காட்டியது. உலகின் பெரிய நிறுவனங்கள் பலவும் உரிமம் வாங்கிக்கொண்டு போயின. ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியது, மெர்சிடீஸ் பென்ஸ் வாங்கியது, சிட்ரோயனும் இறங்கியது. கடைசிவரை விடாமல் பிடித்து, கிட்டத்தட்ட இருபது லட்சம் வண்டிகளில் அந்த ரோட்டரி என்ஜினை ஏற்றி விற்றது ஒரே ஒரு நிறுவனம். அது ஹிரோஷிமாவின் மாஸ்டா.

ஜப்பானியக் கார் என்றால் பழுதாகாது, பெட்ரோல் குடிக்காது, வாங்கியவர் நிம்மதியாக இருக்கலாம் என்பது உலகறிந்த பேச்சு. மாஸ்டாவின் பெயர் அந்த வழியில் வந்ததல்ல. இந்த நிறுவனத்தை நேசிப்பவர்கள் நேசிப்பது அதன் கைவேலையை, அதைச் செய்தவர்களின் பிடிவாதத்தை.

அந்தக் கைவேலையைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் லேசாக இடுங்கிய நீள்வட்ட அறை ஒன்று. அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம். அதுதான் ரோட்டர். முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்த நேரமும் அறையின் சுவரைத் தொட்டபடியே சுற்றுகின்றன. அதனால் சுவருக்கும் ரோட்டருக்கும் இடையே எப்போதும் மூன்று தனி அறைகள் இருக்கும்; ரோட்டர் நகர நகர ஒவ்வொன்றும் விரியும், சுருங்கும். ஒன்று காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சும்போது அடுத்தது அழுத்திக்கொண்டிருக்கும், மூன்றாவது எரிந்து தள்ளிக்கொண்டிருக்கும். வால்வே கிடையாது. சுவரில் திறந்திருக்கும் துளைகளை ரோட்டரே மூடித் திறந்துகொள்ளும். ரோட்டர் ஒரு முறை சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று முறை சுற்றிவிடும். நின்று திரும்பும் பாகம் எதுவும் இல்லாததால் சுழற்சி வேகத்தைக் காட்டும் முள் எவ்வளவு மேலே ஏறினாலும் என்ஜின் திணறுவதில்லை.

காகிதத்தில் இதைவிட அழகான என்ஜின் கிடையாது. சிக்கலெல்லாம் அந்த மூன்று முனைகளில்தான். அங்கே ஒரு மெல்லிய பட்டைதான் மூன்று அறைகளையும் பிரித்து வைக்கிறது. அதற்கு ஏபெக்ஸ் சீல் என்று பெயர். எரியும் வாயுவின் சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டு, சுவரை விட்டு இம்மியும் விலகாமல் அது வழுக்கி ஓட வேண்டும். மாஸ்டாவின் கதை பெரும்பாலும் இந்தப் பட்டையின் கதை.

நிறுவனம் தொடங்கியது காரில் அல்ல, கார்க்கில். 1920இல் ஹிரோஷிமாவில் டோயோ கார்க் கோக்யோ என்ற பெயரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே பொறுப்பேற்ற ஜுஜிரோ மாட்சுடா, மீனவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே ஒசாகாவுக்குப் போய்க் கொல்லுப்பட்டறையில் தொழில் பழகியவர். அவர் கையில் நிறுவனம் இயந்திரங்கள் பக்கம் திரும்பியது. 1931இல் மாஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் சரக்குத் தொட்டி. மாஸ்டா என்ற பெயர் வண்டியின் மேல் ஏறியது அப்போதுதான். நிறுவனமே அந்தப் பெயரைச் சூடிக்கொள்ள 1984 ஆயிற்று.

1945 ஆகஸ்ட் 6 ஜுஜிரோவின் எழுபதாவது பிறந்த நாள். அன்று காலைதான் ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. குண்டு விழுந்த மையத்திலிருந்து தொழிற்சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இடையே ஹிஜியாமா என்ற சிறு குன்று. அந்தக் குன்று மறைத்ததால் கட்டடங்கள் பெருமளவு தப்பின. நகரமே சாம்பலான பிறகு மாகாண அரசின் அலுவலகம் இந்தத் தொழிற்சாலை வளாகத்துக்குத்தான் குடிபெயர்ந்தது. நிறுவனத்தின் மருத்துவமனை காயம்பட்டவர்களால் நிறைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்று சக்கர வண்டிகள் மறுபடி வெளிவரத் தொடங்கின. குண்டு விழுந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இடிபாடுகளுக்கு நடுவே செங்கல்லும் மரமும் அரிசியும் ஏற்றிப் போக அந்த வண்டிகள் தேவைப்பட்டன. ஹிரோஷிமா மக்கள் மாஸ்டாவை இன்றும் சொந்த ஊர்ப் பிள்ளையாகப் பார்ப்பதன் வேர் இங்கே இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் வேறு வகையான ஆபத்து வந்தது. ஜப்பானில் இத்தனை கார் நிறுவனங்கள் எதற்கு, சிறியவற்றைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாம் என்று அரசின் தொழில்துறை அமைச்சகம் திட்டமிட்டது. மாஸ்டா தன் முதல் பயணிகள் காரான ஆர்360 கூபேயை விற்கத் தொடங்கியதே 1960இல்தான். அப்போதைய தலைவர் சுனேஜி மாட்சுடாவுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் நிறுவனம் தனியாக நிற்க முடியும். 1961இல் என்எஸ்யுவோடு ஒப்பந்தம் முடிந்தது. வேலை கெனிச்சி யாமாமோட்டோ என்ற பொறியாளர் தலையில் விழுந்தது. 1963இல் அமைந்த ஆய்வுத் துறையில் அவரோடு சேர்த்து 47 பேர். எஜமானனுக்காக உயிரைக் கொடுத்த 47 சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும் என்பதால், இவர்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

என்ஜின் சில நூறு மணி நேரம் ஓடியதுமே சுவரைத் திறந்து பார்த்தார்கள். பளபளவென்று குரோமியம் பூசிய சுவரில் வரிசை வரிசையாகக் குறுக்குக் கீறல்கள். கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் கோடு விழாமல் புள்ளி புள்ளியாகத் துள்ளுமே, அதேபோல ஏபெக்ஸ் சீல் சுவரில் வழுக்காமல் துள்ளித் துள்ளிப் போயிருந்தது. அந்தக் கீறல்களுக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் பேயின் நகக்கீறல். முதலில் உலோகத்தின் கடினத்தைத்தான் சந்தேகித்தார்கள். உண்மையான குற்றவாளி அதிர்வு. ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான அதிர்வு வேகம் ஒன்று உண்டு. சீல் சுவரில் உரசும்போது அந்த வேகத்தில் அதிரத் தொடங்கிவிடுகிறது. எனவே சீலின் முனைக்குச் சற்று உள்ளே குறுக்காகவும் நெடுக்காகவும் துளையிட்டார்கள். அதிர்வின் வேகம் மாறியது, கீறல் மறைந்தது. உலோகத்தைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்துத் தீர்வு கண்ட இந்த இடம், என்ஜின் வரலாற்றில் மிக நேர்த்தியான தருணங்களில் ஒன்று. விற்பனைக்கு வந்த என்ஜினில் அதையும் தாண்டி, நிப்பான் கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய, அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலைப் பொருத்தினார்கள். எண்ணெய் கசிந்து வெள்ளைப் புகையாகக் கக்கிய தொல்லை தனி. அதற்கும் புதிதாக ஒரு ரப்பர் சீலை வடிவமைக்க வேண்டி வந்தது.

1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் வெளிவந்தது. தரையோடு ஒட்டிய நீண்ட உடல், பின்னால் விண்கலத்தின் வால்போல இரட்டை விளக்குகள். தலா 491 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள், 110 குதிரைசக்தி. 1972 வரை செய்தது மொத்தம் 1,176 கார்கள்தான். ஆனால் சொன்னதைச் செய்துவிட்டோம் என்று நிரூபிக்க, கார் வெளிவந்த அடுத்த ஆண்டே அதை ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் தடத்தில் 84 மணி நேர ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு கார்கள் போயின. ஒன்று முடிவை நெருங்கும் நேரத்தில் விலகியது. மற்றொன்று நான்காம் இடத்தில் முடித்தது. அதே காலத்தில் என்எஸ்யு தன் ஆர்ஓ 80 காரில் சீல்கள் தேய்ந்ததால் வாடிக்கையாளர்களுக்கு என்ஜின் என்ஜினாக மாற்றிக் கொடுத்து நொந்துபோய், 1969இல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் அடங்கியது. கண்டுபிடித்த வீடு அவிந்தது, கற்றுக்கொண்ட வீட்டில் விளக்கு எரிந்தது.

குறையை மறைத்துப் பாராட்டுவது ரசனை ஆகாது. ரோட்டரியின் எரியறை நீளமானது, மெல்லியது, நகர்ந்துகொண்டே இருப்பது; தீ முழுதாகப் பரவுவதற்குள் வெப்பம் சுவர் வழியாகப் போய்விடும். மைலேஜ் குறைவு. சீல்களுக்கு வழுக்கு எண்ணெய் தர வேண்டியிருப்பதால் என்ஜின் ஆயிலையும் கொஞ்சம் எரிக்கும். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்காவில் மாஸ்டாவின் விற்பனை சரிந்தது. சுமிடோமோ வங்கி கைகொடுத்தது. 1979இல் ஃபோர்டு கால்வாசிப் பங்கை வாங்கியது. வேறு நிறுவனமாக இருந்தால் ரோட்டரியை அன்றே புதைத்திருக்கும். மாஸ்டா 1978இல் ஆர்எக்ஸ்-7ஐக் கொண்டுவந்தது. சிறிய என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்ததால் எடை இருபுறமும் சமமாகப் பரவி, வளைவில் கார் சொன்னபடி கேட்டது. மூன்று தலைமுறைகளில் எட்டு லட்சத்துக்கும் மேல் விற்ற இந்தக் காரில், 1991இல் வந்த மூன்றாம் தலைமுறைதான் உச்சம். அதன் உடலில் ஒரு நேர்கோட்டைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அந்த 1991 ஜூன் மாதத்தில்தான் லெமான் நடந்தது. பிரான்ஸின் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் என்ஜின்கள் 1970களிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன, முதலிடம் கிடைத்ததில்லை. அந்த ஆண்டு 787பி என்ற கார், எண் 55, ஆரஞ்சும் பச்சையும் கலந்த வண்ணம். உள்ளே நான்கு ரோட்டர்கள், 9,000 ஆர்பிஎம்மில் 700 குதிரைசக்தி. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று ஸ்பார்க் பிளக். வேகத்துக்கு ஏற்ப நீண்டு சுருங்கும் காற்றுக் குழல்கள். முனைகளில் இப்போது பீங்கான் சீல்கள். எதிரில் மெர்சிடீஸ், ஜாகுவார், போர்ஷே. மாஸ்டாவுக்கு விதியில் ஒரு சலுகை கிடைத்திருந்தது: எதிரணிக் கார்கள் 1,000 கிலோ இருக்க, இதற்கு 830 கிலோ போதும். அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு வெற்றியை மட்டம் தட்டுபவர்கள் இன்றும் உண்டு. எடை குறைந்தால் வேகம் கூடும். 24 மணி நேரம் உடையாமல் ஓடுவது எடையால் வருவதல்ல. முன்னணியில் இருந்த மெர்சிடீஸ் கடைசி மூன்று மணி நேரத்துக்குள் என்ஜின் சூடேறி நின்றது. ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ரான் காஷோ மாறி மாறி ஓட்டிய 55ஆம் எண் கார் 362 சுற்றுகள் முடித்து, இரண்டு சுற்று முன்னிலையில் ஜாகுவாரை முந்தி வென்றது. இறுதிக் கட்டத்தைத் தொடர்ந்து ஓட்டிய ஹெர்பர்ட் நீர்ச்சத்து வற்றி மயங்கியதால் வெற்றி மேடையில் ஏற முடியவில்லை. லெமானில் வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மாஸ்டாதான். அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு, டொயோட்டாவுக்காக, 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் காரின் ஓசையைப் பற்றிச் சொல்லாமல் நகரக் கூடாது. பிஸ்டன் என்ஜின் உறுமும். நான்கு ரோட்டர் அலறும். கியர் மாறும்போது ஒரு கணம் அறுந்து, மறுபடி உச்சத்திலிருந்தே பிடிக்கும். இன்றும் கண்காட்சிகளில் அதை உயிர்ப்பித்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

மாஸ்டாவின் ரசனை ரோட்டரியோடு முடிவதில்லை. 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர் யாமாமோட்டோவைச் சந்தித்தார். பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களைப் போல எளிய, இலேசான இரண்டு இருக்கைக் காரை இன்று யாருமே செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள் என்றார். பத்து ஆண்டு கழித்து, 1989இல், சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 நின்றது. இதில் ரோட்டரி இல்லை, சாதாரண 1.6 லிட்டர் பிஸ்டன் என்ஜின்தான். திட்டத்தை நடத்திய தோஷிஹிகோ ஹிராய் பிடித்த பிடி, குதிரையும் வீரனும் ஓருடலாக ஓட வேண்டும் என்பது. ஓடும் குதிரையிலிருந்து அம்பெய்யும் மரபிலிருந்து எடுத்த இலக்கு அது. கியர் பெட்டியையும் பின் அச்சையும் ஒரே அலுமினியச் சட்டத்தால் இணைத்தார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்திலேயே பின்சக்கரம் பதில் சொன்னது. கியர் கம்பியை மணிக்கட்டை அசைத்தாலே மாற்றிவிடலாம். 2016இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 வெளிவந்தது; உலகில் மிக அதிகம் விற்ற இரண்டு இருக்கைத் திறந்த கார் என்ற கின்னஸ் சாதனை இதனுடையது. 2015இல் வந்த நான்காம் தலைமுறை, இத்தனை பாதுகாப்புச் சாதனங்கள் சேர்ந்த பிறகும், ஏறக்குறைய முதல் காரின் எடைக்கே திரும்பி வந்திருக்கிறது. கார்களெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு பருக்கும் காலத்தில் இது சிறிய காரியமல்ல.

தமிழ்நாட்டுச் சாலைகளில் இவை எதையும் பார்க்க முடியாது. மாஸ்டாவின் பயணிகள் கார்கள் இந்தியாவில் முறையாக விற்பனைக்கு வந்ததில்லை. 1980களில் பஞ்சாபில் தொடங்கிய ஸ்வராஜ் மாஸ்டா வேன்களும் லாரிகளும்தான் இங்கே அந்தப் பெயரைச் சுமந்து திரிந்தன.

ரோட்டரி கார்களின் வரிசை 2012இல் ஆர்எக்ஸ்-8ஓடு நின்றுபோனது. பதினோரு ஆண்டு கழித்து, 2023இல், எம்எக்ஸ்-30 என்ற மின்காருக்குள் ஒற்றை ரோட்டர் என்ஜின் திரும்பி வந்தது. சக்கரத்தைச் சுழற்ற அல்ல, பேட்டரிக்கு மின்சாரம் தர. 830 சிசி, சிறியது, அதிர்வு குறைந்தது. ஜெனரேட்டர் வேலைக்குப் பொருத்தம். என்றாலும் ரோட்டரியை ஜெனரேட்டராக மட்டும் வைத்திருப்பது அதன் திறமைக்குக் குறைவான வேலை. நிறுவனத்துக்கும் அந்த எண்ணம் இருப்பதாகவே தெரிகிறது. 2024 பிப்ரவரியில், கலைந்துபோயிருந்த ரோட்டரி ஆய்வுக் குழுவை 36 பொறியாளர்களோடு ஹிரோஷிமாவில் மறுபடி கூட்டியிருக்கிறார்கள்.