தாய் அச்சைத் தொலைத்தவர்கள்

‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ கம்ப்யூட்டர் விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் ஏழாம் நாள் முடிந்து புது வாரம் பிறந்தால், நகரங்களில் புதுப் படைவீரர்கள் வந்து சேர்வார்கள். இந்த ஒரு விதியில்தான் விளையாட்டின் உயிர் இருக்கிறது. தூரத்துச் சுரங்கத்தைப் பிடிக்கப் போன தலைவன் அதற்குள் திரும்பிவிடுவானா? இருக்கிற பொன்னைப் போட்டு இன்று ஒரு கட்டடம் எழுப்புவதா, புது ஆட்களைச் சேர்க்க மிச்சம் பிடிப்பதா? ஒரு நகரில் நாளுக்கு ஒரு கட்டடம்தான் கட்ட முடியும். மரம், தாது, பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம், பொன் ஆகிய ஏழில் ஒன்று குறைந்தாலும் போட்ட கணக்கு கலைந்துவிடும். பக்கத்திலேயே பகைவன் இருப்பான், ஆனால் இருட்டுக்குள் இருப்பான்.

1999-இல் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் உருவாக்க, த்ரீடிஓ நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் இது. இப்போது மறுபடி ஆடும்போது முதலில் கண்ணைப் பிடித்து நிறுத்துவது நகரத் திரைதான். வெறும் நிலமாகத் தொடங்கும் படத்தில், நாம் கட்டக் கட்டக் கோபுரமும் சந்தையும் மந்திரக்கூடமும் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. எட்டு நகரங்களுக்கும் எட்டு முகங்கள். எல்ஃப்களும் ஒற்றைக்கொம்புக் குதிரைகளும் வாழும் ராம்பார்ட்டில் நுழைந்தால் பால் ரொமேரோவும் ராப் கிங்கும் தந்த இசை மனதை இளக்கிவிடும். பிணங்கள் எழுந்து நடக்கும் நெக்ரோபோலிஸில் அதே கைகள் வேறொரு உலகத்தைக் காட்டுகின்றன. படைக்கு ஆள் எடுத்த பிறகும், அந்தப் பாட்டு ஒரு சுற்று முடியட்டும் என்று ராம்பார்ட் திரையை மூடாமல் வைத்திருப்பேன்.

ஹாட் சீட் என்று ஒரு முறை உண்டு: ஒரே கம்ப்யூட்டரில் பலர் மாறி மாறி ஆடுவது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருப்பதே பெரிதாக இருந்த காலத்தில் எங்கள் விருத்தாசலம் போன்ற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. அடுத்தவன் முறை வந்தால் நாம் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். திரையை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். இணையமோ கடவுச்சொல்லோ கேட்காமல், நாலு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்த விளையாட்டு அது.

இப்படிப்பட்ட படைப்பு பதிப்பாளர் கையில் என்ன ஆனது? த்ரீடிஓ 2003-இல் திவாலானது. மைட் அண்ட் மேஜிக் உரிமையை யூபிசாஃப்ட் 13 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2006-இல் ரஷ்யாவின் நிவால் உருவாக்கிய ஐந்தாம் பாகம் நன்றாகவே இருந்தது. அதன் பிறகு இறக்கம்தான். 2015-இல் வந்த ஏழாம் பாகம் பிழைகளோடு வெளியாகி, மறு ஆண்டே கவனிப்பாரின்றி விடப்பட்டது. 2014-இல் வந்த ‘மைட் அண்ட் மேஜிக் எக்ஸ்’ தனியாக ஆடும் ஆட்டம். ஆனாலும் அது நிறுவனத்தின் சர்வரோடு பேசியாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 2021-இல் அந்த சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களாலேயே முதல் பகுதியைத் தாண்ட முடியவில்லை. கூச்சல் எழுந்த பிறகுதான் சரிசெய்தார்கள்.

என் மனம் ஆறாதது 2015-இன் எச்டி பதிப்பு விஷயத்தில். மூன்றாம் பாகத்தைப் பெரிய திரைகளுக்காகப் புதுப்பித்த யூபிசாஃப்ட், அதன் இரண்டு விரிவாக்கங்களையும் சேர்க்கவில்லை. அவற்றின் சோர்ஸ் கோடு உருப்படியாக மிஞ்சவில்லை என்பதுதான் காரணம். எங்கள் ஊர் செராமிக் பேட்டையில் வேலை பார்த்த எவருக்கும் இதன் கனம் புரியும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கரைசலை ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, உள்சுவரில் மண் படிந்து பொம்மையாகும். வார்க்க வார்க்க அச்சு தேயும். மூக்கு மழுங்கும், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். அப்போது தாய் அச்சிலிருந்து புது அச்சு எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அதை மட்டும் தனியே பத்திரப்படுத்துவார்கள். கொலு பொம்மைக்கே இந்த அக்கறை தேவைப்படுகிறது. உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் ஆடிய ஒரு படைப்புக்கு அது கிடைக்கவில்லை.

காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். விசிஎம்ஐ என்ற திட்டத்தில் ஆட்டத்தின் இன்ஜினையே முதலிலிருந்து திறந்த மென்பொருளாக எழுதிவிட்டார்கள். பழைய ஆட்டத்தின் கோப்புகள் கையில் இருந்தால் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ என்ற இன்னொரு ரசிகர் குழு, 2011-இல் கடற்கொள்ளையருக்கான கோவ் நகரத்தைச் சேர்த்தது. பழைய நகரங்களோடு அதை அடுக்கிவைத்தால் எது அசல், எது பின்னால் வந்தது என்று புதியவரால் சொல்ல முடியாது. சம்பளம் வாங்காதவர்கள் எட்டிய தரம் இது.

இதில் ஒரு பழைய வழக்கும் தீர்ந்தது. 1999-இல் முதல் விரிவாக்கத்துக்காக ஃபோர்ஜ் என்று ஒரு இயந்திர நகரத்தை நியூ வேர்ல்ட் திட்டமிட்டிருந்தது. மாயாஜால உலகில் எந்திரத் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதைக் கைவிட்டு கான்ஃப்ளக்ஸ் நகரத்தைக் கொண்டுவந்தார்கள். 2023 முடியும் தறுவாயில் ‘ஹார்ன் ஆஃப் தி அபிஸ்’ குழு ஃபேக்டரி என்ற நகரத்தை வெளியிட்டது. பாலைவனம், மணற்புழு, துப்பாக்கி வீரர்கள், தானியங்கிப் பொம்மைகள்: கேட்டால் ஃபோர்ஜின் தம்பி மாதிரிதான். ஆனால் திரையில் அது உறுத்தவில்லை. பழைய ஓவியர்களின் நிறத்தையும் நிழலையும் அளவையும் பல ஆண்டுகள் உட்கார்ந்து படித்தவர்கள் வரைந்த நகரம் அது. 1999-இல் நானும் ஃபோர்ஜ் வேண்டாம் என்ற கட்சிதான். ஃபேக்டரியில் ஆட உட்கார்ந்தால் இப்போது நேரம் போவதே தெரிவதில்லை.