கண்டோர் என்ன சொல்கிறார்கள்?

1

சங்கத் தமிழர் சாதி பார்க்காமல் காதலித்தார்கள் என்று ஒரு பேச்சு நம்மிடம் உண்டு. பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்குகிற பேச்சு. திராவிட இயக்க மேடை, தமிழ்த்தேசிய மேடை, கல்லூரித் தமிழ்த்துறை மூன்றும் சண்டையில்லாமல் ஒத்துப்போகிற இடங்களில் இதுவும் ஒன்று. ஆதாரம் கேட்டால் உடன்போக்குப் பாடல்களைக் காட்டுவார்கள். பெற்றவர்களுக்குத் தெரியாமல் ஒருத்தி ஒருவனோடு பாலை வழியில் போகிறாள். புலவர்கள் அதைக் கற்பு என்று போற்றுகிறார்கள். அப்புறம் என்ன வேண்டும்?

உடன்போக்கில் நாம் அதிகம் கவனிக்காத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். வழியில் நின்று பார்ப்பவர்கள். இலக்கணம் அவர்களைக் 'கண்டோர்' என்கிறது. அவர்களுக்குப் பேச உரிமையும் தருகிறது. பொழுது சாய்ந்துவிட்டது, பாதை மோசம், எங்க ஊரு பக்கந்தான், நீங்க போற ஊரு தூரம் என்று அந்த இருவரிடமும் அன்போடு சொல்லலாம். மகளைத் தேடிப் பின்னால் வரும் தாயின் நிலை பார்த்து அவளைத் தடுக்கவும் செய்யலாம், போகவும் விடலாம். தொல்காப்பிய அகத்திணையியல் இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது.

குறுந்தொகை 7ஆம் பாட்டு கண்டோர் கூற்றுதான். அவன் காலில் கழல், அவள் கையில் தொடி, காலில் சிலம்பு. சுரத்தில் நடந்து போகிறார்கள். பார்க்கிறவர்கள் இரக்கத்தோடு கேட்பது ஒரே கேள்வி: யார் இவர்கள்? பதில் கிடைப்பதில்லை. பதில் கிடைக்காததால் இரக்கம் குறைவதும் இல்லை. கலித்தொகை 9இல் தேடிவரும் செவிலியிடம் வழியில் எதிர்ப்படும் அந்தணர், மலையில் பிறக்கும் சந்தனம் மலைக்கு என்ன பயன் என்ற கணக்கில் எடுத்துச் சொல்லித் திரும்பிப் போகச் சொல்கிறார்கள். எல்லாம் அழகுதான். மறுக்கவில்லை.

2

ஆனால் இந்தக் கண்டோரால் எப்படி இவ்வளவு பெருந்தன்மையாக இருக்க முடிகிறது? இங்கேதான் இலக்கணத்தைக் கொஞ்சம் கறாராகப் படிக்க வேண்டியிருக்கிறது.

அகப்பாட்டில் தனி ஒருவரின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது விதி. பெயர் இல்லை, ஆகவே ஊர்த்தெருவும் குலமும் இல்லை, ஆகவே சாதியற்ற காதல் என்று நம்மவர்கள் அவசரமாக முடிவுகட்டுகிறார்கள். அதே தொல்காப்பியம் வேறு இரண்டு விஷயங்களையும் சொல்கிறது. ஒன்று: தலைவனும் தலைவியும் ஒத்தவர்களாக இருக்க வேண்டும். எதில் ஒப்பு என்று மெய்ப்பாட்டியல் பத்துப் பட்டியல் போடுகிறது. அதில் முதலாவது பிறப்பு, இரண்டாவது குடிமை. அன்பும் அறிவும் பின்னால்தான் வருகின்றன. இரண்டு: அடியோரும் வினைவலரும் ஐந்திணைத் தலைமக்களாக முடியாது. அவர்களுடைய காதலுக்குக் கைக்கிளை, பெருந்திணை என்ற வெளித்திண்ணையில் மட்டும் தடையில்லை.

கூட்டிப் பாருங்கள். கண்டோர் 'என்ன ஆளுங்க?' என்று கேட்கவில்லை, சரி. கேட்கவேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. பாட்டு தொடங்கும் முன்பே இலக்கணம் அதை விசாரித்து முடித்துவிட்டது. ஒத்த பிறப்பு என்று முத்திரை குத்திய பிறகுதான் அந்த இருவரையும் பாலைக்குள் அனுப்புகிறது. ஒரு பிரதி சொல்லாமல் விடுவதில்தான் அதன் கருத்தியல் இயங்குகிறது என்றார் பியர் மாஷெரி. அகத்தின் மௌனம் அப்படிப்பட்டது. அந்தக் காலத்துப் பிறப்பும் குடிமையும் இன்றைய சாதிதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிறப்பைப் பார்த்துச் சேர்க்கிற வேலை நடந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு 'சாதியற்ற தமிழ்க்காதல்' என்று பேசுவது மோசடி.

3

கதைப்பாடல் வேறு உலகம். அங்கே பெயர் உண்டு, குலம் உண்டு, கொலையும் உண்டு. மதுரைவீரன் பொம்மியைச் சிறையெடுக்கிறான். பிற்பாடு மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். முத்துப்பட்டன் பிராமணன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவுக்காகப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கிறான். பெயர் சொல்லக்கூடாது என்ற விதி இந்த மக்கள் இலக்கியத்தில் செல்லாது.

ஆனால் பிறப்பு ஒப்பு கொல்லைப்புறமாக உள்ளே வருகிறது. மதுரைவீரன் நிஜத்தில் காசிராஜன் மகனாம்; காட்டில் கிடந்தவனைச் சக்கிலியத் தம்பதியர் எடுத்து வளர்த்தார்களாம். பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் பிராமணக் குழந்தைகளாம். முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை, பிறப்பை மாற்றும் இந்தப் பகுதி பின்னால் சேர்ந்த சரக்கு என்றார். கொல்லப்பட்டவனைச் சாமியாக்கலாம். கீழே பிறந்தவன் மேலே காதலித்தான் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது.

1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'மதுரை வீரன்' இந்த ராஜகுமாரன் பிறப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. வளர்க்கும் தம்பதியராக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும். சேரி மக்கள் அந்தப் படத்தைத் தங்கள் படமாகப் பார்த்தார்கள் என்பது உண்மை. அவர்களுடைய வீரன் அவர்களுக்குப் பிறந்தவனில்லை என்று படம் சொன்னதும் உண்மை.

4

1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' பூணூலையும் சிலுவையையும் கழற்றி எறிய வைத்தது. தியேட்டர் கைதட்டியது. அடையாளத்தைக் கழற்றினால் தீர்ந்தது என்பது அகமரபின் கனவு. கழற்றிப் போட ஒரு நூல் இருக்கிறவனுக்கு அது முடியும். நூலே இல்லாதவன் எதைக் கழற்றுவான்?

2004இல் பாலாஜி சக்திவேலின் 'காதல்' இந்தக் கனவைக் கலைத்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய இருவரைத் தேடிப் பெண்ணின் சித்தப்பா வருகிறார். ஆசையாகப் பேசி, நம்பவைத்து, ஊருக்குக் கூட்டிப் போகிறார். செவிலி தேடிப் போன அதே வழிதான். வெறுங்கையோடு திரும்பிப் போ என்று இவரிடம் சொல்ல வழியில் யாரும் இல்லை.

படத்துக்கு ஒரு வருடம் முன்பு, 2003 ஜூலையில், விருத்தாசலம் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்ததையும் இதோடு வைத்துப் படிக்க வேண்டும். பதிவுத் திருமணம் செய்துகொண்ட தலித் இளைஞனையும் வன்னியப் பெண்ணையும் தேடிப் பிடித்து வந்து, ஊரார் கண்ணெதிரே விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆயிற்று. பதினெட்டு வருஷம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் தம்பதியை வெட்டினார்கள். கணவன் இறந்தான். அதை நாம் எல்லோரும் கேமராப் பதிவில் பார்த்தோம், கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். நாமும் கண்டோர்தான்.

இந்த வழக்குகளில் சாட்சிகள் பிறழ்வது வாடிக்கை. அப்படிச் சில இடங்களில் மனிதர்கள் வாய் மூட, கேமராதான் கூற்று நிகழ்த்தியது. குறுந்தொகைக் கண்டோருக்குப் பெயர் தெரியாது, பேசினார்கள். இன்றைய கண்டோருக்குப் பெயர், தெரு, 'என்ன ஆளுங்க' எல்லாம் தெரியும். அதனாலேயே பேசுவதில்லை.

5

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) இந்த இடத்தில் முக்கியமாகிறது. அதில் உடன்போக்கே கிடையாது. காதல் என்று அவன் வாயால் சொல்வதுகூட இல்லை. சொல்லாத காதலுக்கே கொல்ல ஆள் வருகிறது. அந்த ஆள், பேருந்தில் நம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வரக்கூடிய ஒரு சாதாரணக் கிழவர். கண்டோர் கூட்டத்திலேயே கொலைகாரனும் நிற்கிறான் என்று ஒரு தமிழ்ப்படம் காட்டியது. படம் முழுக்க அவன் தன் பெயரை அழுத்திச் சொல்லிக்கொண்டே இருக்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். பெயர் சுட்டாமை என்ற விதியை மீறியது கலைக்குறை என்று சிலருக்குத் தோன்றலாம். என் வாசிப்பில் அதுதான் படத்தின் அரசியல்.

அப்போ சங்கப் பாட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? தேவையில்லை. 'யார் இவர்கள்?' என்று இரக்கத்தோடு கேட்க ஒரு மரபு இந்த மொழியில் இருந்திருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. ஆனால் மெய்ப்பாட்டியலின் பத்து ஒப்புகளைச் சேர்த்துச் சொல்லாமல் எந்த வகுப்பிலும் உடன்போக்கு நடத்தக்கூடாது. அடியோரும் வினைவலரும் ஏன் வெளியே நிற்கிறார்கள் என்ற கேள்வி தேர்வுத்தாளில் வர வேண்டும். எழுதுகிறவர்களுக்கு இதைவிடக் கடினமான வேலை இருக்கிறது. காதலர்களைப் பற்றி நம்மிடம் நிறையக் கதைகள் உண்டு. வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றவர்களைப் பற்றி, சம்மன் வந்த அன்று 'நான் ஒன்றும் பார்க்கலை' என்று சொன்னவர்களைப் பற்றி, எத்தனை கதைகள் இருக்கின்றன?