உறையில் இல்லாத ஏரி

இசைத்தட்டின் உறையில் எழுதியிருப்பதையே கேட்டுக்கொண்டிருந்தவன் நான். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரஸியா, பிரிஜ் பூஷண் காப்ரா மூவரின் ‘கால் ஆஃப் தி வேலி’ (1967), காஷ்மீர் இடையன் ஒருவனின் ஒரு நாள். அஹிர் பைரவில் சந்தூர் தொடங்கியதும் மலையைத் தேடினேன். மீஞ்சூரில் கேட்பவனுக்கு வந்தது பழவேற்காட்டு ஏரியின் விடியல். வலை உதறும் ஓசை. பிழையான ரசனை என்று அதை ஒதுக்கினேன்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) இந்தப் பழக்கத்தைக் கெடுத்தது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணமான தொகுப்பு. வங்கிக் குமாஸ்தாவின் புத்தியோடு, கர்நாடகம் ஒரு பத்தியிலும் மேற்கத்தியம் மறு பத்தியிலுமாகக் கணக்கெழுதினேன். ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ வந்ததும் கூட்டல் தவறிற்று. பாஹின் மூன்றாம் பார்ட்டிட்டா முன்னிசைக்கு ராகத்தில் பதில் வருகிறது. இருவரும் கரைந்து மூன்றாமவராகிவிடவில்லை. அவரவர் குரலிலேயே பேசுகிறார்கள். நடுவே எனக்கும் ஓர் இடமிருந்தது. தொகுப்பில் ஓர் உருப்படிக்கு ‘டோன்ட் கம்பேர்’ என்றே பெயர், தாமதமாகத்தான் கவனித்தேன்.

நம் இசை விமர்சனம் வகையை நிர்ணயித்த பிறகே காதைத் திறக்கிறது. கேட்கையில் தனக்கு நேர்ந்ததைச் சொல்லக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தில் எனக்கும் பங்குண்டு. நேற்றிரவு பழைய தட்டை மீண்டும் போட்டேன். காஷ்மீர் வரவில்லை. ஏரி வந்தது. இம்முறை தடுக்கவில்லை.