அட்டவணைகளின் அரசியல்

அரசியலமைப்பைப் பயில்வோர் பெரும்பாலும் முகவுரையையும் அடிப்படை உரிமைகளையும் படித்தபின் நூலை மூடிவிடுகின்றனர். இறுதியிலுள்ள அட்டவணைகள் வெறும் வாலென்றே கருதப்படுகின்றன. இக்கருத்துப் பிழையானது. உறுப்புரை கோட்பாட்டைக் கூறும். அதிகாரம் எவர் கையில், எவ்வளவு என்பதை அட்டவணையே வரையறுக்கும்.

நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் இரு அட்டவணைகளை ஒப்புநோக்குவோம்.

1983இல் ஆறாந் திருத்தம் ஏழாம் அட்டவணையைச் சேர்த்தது. இலங்கையினுள் தனியரசு அமைவதை ஆதரிப்பதில்லை என்னும் சத்தியப்பிரமாணமே அது. வரிகள் சிலவே, ஆயினும், அதனை ஏற்க மறுத்து அவைக்குச் செல்லாதிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அவ்வாண்டே தம் ஆசனங்களை இழந்தனர்.

1987இல் பதின்மூன்றாந் திருத்தம் ஒன்பதாம் அட்டவணையைத் தந்தது. மாகாண சபை நிரல், ஒதுக்கிய நிரல், ஒருங்கிய நிரல் என அதில் மூன்று நிரல்கள் உள. மாகாண சபை நிரலிற் காணி உண்டு. ஆனால் இரண்டாம் பின்னிணைப்பிற் கூறிய அளவுக்கே. அப்பின்னிணைப்போ அரச காணி குடியரசுக்கே உரியதென்கிறது. எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கையை மத்திக்கு உரியதாக்கியே ஒதுக்கிய நிரல் தொடங்குகிறது. ஒரு நிரல் கொடுத்ததை மறு நிரல் மீட்டுக்கொள்கிறது. அரச காணி மத்தியின் அதிகாரத்துக்கே உட்பட்டதென 2013இல் உயர் நீதிமன்றமும் பொருள்கொண்டது.

எனினும், மாகாண சபைகள் அனைத்தின் பிரதிநிதிகளும் இடம்பெறும் தேசியக் காணி ஆணைக்குழுவொன்றை அரசாங்கம் நிறுவுதல் வேண்டுமென்றும் அதே பின்னிணைப்பு விதித்தது. முப்பது ஆண்டுகள் கழிந்தும் அது நிறுவப்படவில்லை. முதலாம் பின்னிணைப்பு வகுத்த மாகாணப் பொலிசும் ஏட்டிலேயே நின்றது.

ஓர் அட்டவணை உடன் செயற்பட, மற்றது உறங்கியமைக்குக் காரணம் யாது? ஏழாம் அட்டவணைக்குத் துணையாக 157அ உறுப்புரை காலவரையையும் தண்டனையையும் விதித்தது. காணி ஆணைக்குழுவுக்கோ இவ்விரண்டும் இல்லை. பறிக்கும் வரிகளுக்குப் பல் பொருத்தியவர்கள் வழங்கும் வரிகளை வெறும் வாக்குறுதியாக விட்டனர். இது மறதியன்று, ஆளும் வர்க்கத்தின் நோக்கமே இதில் வெளிப்படுகிறது.

இதனைத் தமிழரின் குறையாக மட்டும் கொள்வதும் தவறாகும். காணியற்ற விவசாயி முல்லைத்தீவிலும் உளன், மொனராகலையிலும் உளன். ஆணைக்குழு அமைந்திருப்பின் இருவர் மாகாணங்களும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும்.

ஆதலின், புதிய அரசியலமைப்பு வரைவொன்று நம்முன் வைக்கப்படும்போது முகவுரையின் சொல்லழகில் மயங்காதிருப்போம். மாணவரோடு சேர்ந்து அட்டவணைகளைப் புரட்டி, மூன்று வினாக்களை எழுப்புவோம்: நிறைவேற்றும் பொறுப்பு எவருடையது? எக்காலத்துள்? தவறின் மக்கள் அதனைப் பெறும் வழி யாது?